பழைய சிஸ்டத்தை அணைக்கும் முன்

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸை அப்படியே பென்டிரைவில் காப்பி அடித்துப் புது லேப்டாப்பில் ஒட்டினால் ஓடாது. ஐகான் வரும். இரண்டு தட்டு தட்டினால் ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைலைக் காணோம் என்று சொல்லும், அத்தோடு சரி. வேர்டும் எக்செலும் அந்த ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் குடியிருப்பவை அல்ல. பாதி ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் குறிப்பேட்டில், இருக்கிறது. லைசென்ஸோ விண்டோஸ் தனியாகப் பூட்டி வைத்திருக்கும் இடத்தில், அந்தச் சிஸ்டத்தின் மதர்போர்டு போன்ற பாகங்களின் அடையாளத்தோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஃபோல்டரை எடுத்து வரலாம், முடிச்சை எடுத்து வர முடியாது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆபீஸ் 2016-க்கும் 2019-க்கும் அதே நாள்தான் கடைசி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி சிஸ்டத்தில் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். அதனால் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையிலிருந்து சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ் வரை, எட்டுப் பத்து வருஷமாக முணுமுணுக்காமல் ஓடிய சிஸ்டங்கள் வரிசையாக இறங்குகின்றன. மாற்றுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: ‘டேட்டா எல்லாம் வந்துருமாண்ணா?’

டேட்டா வந்துவிடும். ஹார்டு டிஸ்க் உயிரோடு இருக்கிற வரை அதை எப்படியாவது எடுத்துவிடலாம். வராமல் போவது லைசென்ஸ்தான். அது வர வேண்டுமென்றால் பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் திறக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இரண்டும் கையில் இருக்காது.

எந்தத் தேதியில் மாற்றுவது என்பதையும் பார்த்து வையுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதி, 3பி 20-ம் தேதி. 21-க்கு மேல் தொடங்கினால் ஏதாவது சிக்கினாலும் மூச்சு விட நேரம் இருக்கும். 10-ம் தேதி சாயங்காலம் சிஸ்டம் மாற்றுகிற வேலையை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்

பழைய சிஸ்டத்தில் வேர்டைத் திறந்து ஃபைல், பிறகு அக்கவுண்ட் என்று போங்கள். வலது பக்கம் பொருளின் பெயர் இருக்கும். அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு செய்யப்போவது எல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தது.

மைக்ரோசாஃப்ட் 365 என்று இருந்தால் வேலை சுலபம். வருஷச் சந்தா, கணக்கோடு ஒட்டியது. புது சிஸ்டத்தில் அதே கணக்கில் உள்ளே போய் நிறுவினால் முடிந்தது. வீட்டு உபயோகத் திட்டங்களில் ஒருவர் ஒரே நேரத்தில் 5 சாதனங்களில் உள்நுழைந்திருக்கலாம். எண்ணிக்கை நிரம்பிவிட்டால் கணக்குப் பக்கத்துக்குப் போய்ப் பழையதை சைன்-அவுட் செய்துவிடுங்கள்.

ஹோம் அண்ட் பிசினஸ் 2019, 2021, 2024 என்று வருஷத்தோடு பெயர் இருந்தால், ஒருமுறை பணம் கட்டி வாங்கியது. இதில் இரண்டு வகை. கடையில் அட்டையாகவோ ஆன்லைனில் கீயாகவோ தனியாக வாங்கியது மாற்றத்தக்கது. லேப்டாப்போடு சேர்ந்தே வந்தது அந்த லேப்டாப்பை விட்டு நகராது, லேப்டாப் செத்தால் அதுவும் கூடவே போய்விடும். பில்லை எடுத்துப் பாருங்கள். ஆபீஸுக்குத் தனி வரி, தனி விலை இருந்தால் அநேகமாக முதல் வகை. லேப்டாப் மாடல் பெயரின் வாலில் ‘எம்எஸ்ஓ’ என்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இரண்டாவது வகை. கூடவே வருவது பெரும்பாலும் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பு. 2019, 2021-ல் அந்தப் பதிப்பின் உரிம விதி வியாபார உபயோகத்தை அனுமதிப்பதில்லை. லேப்டாப் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார், கடையில் ஜிஎஸ்டி பில் போட அதைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

தனியாக வாங்கிய பதிப்பை உங்களுடைய இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம், ஆனால் 90 நாளில் ஒரு தடவைக்கு மேல் கூடாது என்பது விதி. பழையது பழுதாகிவிட்டால் அந்த 90 நாள் கணக்குப் பொருந்தாது. ஆபீஸ் 2013 வெளிவந்தபோது முதலில் போட்ட கம்ப்யூட்டரோடு சரி, மாற்றவே முடியாது என்று வைத்திருந்தார்கள். கூச்சல் கிளம்பி, அந்த வருஷம் மார்ச்சிலேயே விதியைத் தளர்த்தினார்கள். ‘ஆபீஸ் எல்லாம் மாத்த முடியாதுங்க’ என்று இன்னமும் சில சர்வீஸ் கடைகளில் சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான்.

மூன்றாவது, புரொபஷனல் பிளஸ். இந்தப் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் உஷார். 2019, 2021 வரிசையில் இது நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ் சரக்கு, ஒற்றைப் பெட்டியாகச் சில்லறையில் விற்பதல்ல. சில நூறு ரூபாய்க்கு ‘லைஃப்டைம் கீ’ என்று வாங்கியிருந்தால், எங்கோ ஒரு கம்பெனியின் மொத்தக் கீ பலருக்குப் பங்கு போட்டு விற்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு எண்ணிக்கை வரம்பு உண்டு. உங்கள் பழைய சிஸ்டத்தில் அன்றைக்கு ஏற்றுக்கொண்டது, புது சிஸ்டத்தில் இன்றைக்கு ஏற்காது. அதே பெயரில் கேஎம்எஸ் முறையும் உண்டு. அது கம்பெனியின் சொந்த சர்வரைத் தொட்டுப் பார்த்து 180 நாளுக்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளும். சர்வர் கண்ணில் படாமல் ஆறு மாதம் போனால் மேலே ‘அன்லைசென்ஸ்டு புராடக்ட்’ என்று பட்டை வந்து நிற்கும். இந்த ரகத்தைப் புது சிஸ்டத்துக்கு ‘மாற்ற’ வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். புதிதாக வாங்குங்கள், அல்லது லெட்டரும் கொட்டேஷனும் அடிப்பதுதான் வேலை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸே போதும். எக்செல் மேக்ரோ வைத்துக் கூலிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராது.

அட்டையில் இருக்கும் 25 எழுத்து

அட்டையைப் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறோமே, அது போதாதா என்றால், போதாது. ஆபீஸ் 2013-லிருந்து அட்டையில் இருக்கும் கீ ஒரு டோக்கன் மாதிரி. முதல் நாள் அதை ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்ததும் அதன் வேலை முடிந்தது. சிஸ்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது வேறு கீ. புது லேப்டாப்பில் அட்டைக் கீயை மறுபடி அடித்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்றுதான் பதில் வரும். அந்தக் கணக்கின் பெயரைத்தான் தேட வேண்டும்.

அக்கவுண்ட் திரையில் ‘பிலாங்ஸ் டு’ என்று ஒரு வரி இருக்கும், அதில் மின்னஞ்சல் தெரியும். இங்கேதான் பல கடைகளில் தலைவலி ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டர் விற்றவர் தன் அவசரத்துக்குத் தானே ஒரு மின்னஞ்சல் உருவாக்கிப் போட்டிருப்பார். அல்லது மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்ட் தன் சொந்த ஜிமெயிலைக் கொடுத்திருப்பார். கீ ஒரு கணக்கில் ஏறிவிட்டால் வேறு கணக்குக்கு மாற்ற வழியில்லை. அந்தக் கணக்கையே கைப்பற்ற வேண்டும். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி எந்த மொபைல் எண்ணுக்குப் போகிறது என்பதைப் பழைய சிஸ்டம் ஓடும்போதே சோதித்துப் பாருங்கள். எண் யாருடையது என்று தெரிந்தால் ஒரு போன் போட்டு முடிக்கலாம். அதன் பிறகு முதல் வேலையாக ரெக்கவரி எண்ணைக் கடை முதலாளியின் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

கணக்கு திறந்துவிட்டால் மீதி நேர்வழி. சர்வீசஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் வாங்கியது இருக்கும், அதன் பக்கத்திலேயே இன்ஸ்டால் பொத்தான். பழைய சிஸ்டத்தில் ஆபீஸை அன்இன்ஸ்டால் செய்வது உரிம விதிப்படி தேவை. ஆனால் அப்படி நீக்கினால் மைக்ரோசாஃப்ட் சர்வரில் உங்கள் எண்ணிக்கை ஒன்று குறையும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை வாங்கிய பதிப்புகளில் நீக்குவது உள்ளூர்ச் சமாச்சாரம், சர்வருக்குச் சேதி போவதில்லை. அதனால் புதியதில் ‘இந்தக் கீயை வரம்புக்கு மேல் பயன்படுத்தியாகிவிட்டது’ என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது திருட்டுப் பட்டம் அல்ல. உதவிப் பிரிவின் வழியாக ஆக்டிவேட் செய்யும்போது திரையில் ஒன்பது தொகுதியாக ஒரு நீண்ட இன்ஸ்டாலேஷன் ஐடி வரும். அதைக் கொடுத்தால் ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டத்தில் நிரப்ப 48 இலக்க எண் கிடைக்கும். எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்று என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருப்பதற்காகத்தான் பழையதில் முதலில் நீக்கச் சொன்னது.

புது லேப்டாப்பில் காத்திருக்கும் இன்னொரு ஆபீஸ்

ஐந்து ரோட்டில் எந்தக் கடையில் லேப்டாப் வாங்கினாலும் அதில் மைக்ரோசாஃப்ட் 365 சோதனைப் பதிப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே மேலே ஹோம் அண்ட் பிசினஸ் 2021-ஐ நிறுவினால், எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி காட்டும். ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலையில் எக்செல் திறந்தால் சிவப்புப் பட்டை, சந்தா முடிந்தது, பணம் கட்டு என்று. வாங்கியது என்ன ஆனது என்று குழம்புவார்கள். ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டத்தில் இரண்டு லைசென்ஸ் இருக்கிறது, காலாவதியானது முன்னால் வந்து நிற்கிறது.

பார்ப்பது எப்படி என்றால், புரோகிராம் ஃபைல்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஃபோல்டருக்குள் ஆபீஸ்16 என்று ஒன்று இருக்கும். 2016-லிருந்து 2024 வரை எல்லாவற்றுக்கும் அதே 16-தான். அதற்குள் ஓஎஸ்பிபி (ospp.vbs) என்ற விபிஎஸ் ஸ்கிரிப்ட். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்த ஸ்கிரிப்டை டிஸ்டேட்டஸ் (/dstatus) என்ற சொல்லோடு ஓட்டினால், சிஸ்டத்தில் உள்ள ஒவ்வொரு லைசென்ஸின் பெயரும், நிலையும், கீயின் கடைசி ஐந்து எழுத்தும் வரிசையாக வரும். ‘கிரேஸ்’ என்றோ ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்றோ நிலை காட்டுவது காலாவதிச் சரக்கு, ‘லைசென்ஸ்டு’ என்று இருப்பது உங்களுடையது. அதே ஸ்கிரிப்டில் அன்பிகீ (/unpkey:) என்ற கட்டளையோடு காலாவதியானதன் ஐந்து எழுத்தைக் கொடுத்தால் அது போய்விடும், பட்டையும் போய்விடும். ஐந்து எழுத்தை இரண்டு தரம் சரிபாருங்கள், நல்லதைத் தூக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்த வைத்தியம் வேண்டாமென்றால் புது லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் அந்தச் சோதனைப் பதிப்பை நீக்கிவிட வேண்டும். ஆப்ஸ் பட்டியலில் அது மொழிக்கு ஒன்றாக இரண்டு மூன்று வரியில் இருக்கும், ஒன்நோட்டும் தனி வரிகளில் இருக்கும். ஒன்றையும் விடாமல் நீக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு உங்களுடையதை நிறுவுங்கள்.

நிறுவும்போது 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் யோசியுங்கள். சும்மா விட்டால் 64 வரும், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் பழைய சிஸ்டத்தில் 32 பிட் ஆபீஸ் இருந்து, யாரோ எழுதிக் கொடுத்த எக்செல் மேக்ரோ ஒன்று எம்டிபி என்ற பழைய ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலிலிருந்து ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தால், 64-ல் அது அன்றைக்கே நின்றுவிடும். அதற்கு வேண்டிய ஜெட் 4.0 டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. மேக்ரோவுக்குள் விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் டிக்ளேர் வரிகள் இருந்தால் அவற்றிலும் பிடிஆர்சேஃப் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். எழுதினவரைத் தேடிப்பிடிக்க முடியாதென்றால் இன்ஸ்டால் பக்கத்தின் அதர் ஆப்ஷன்ஸில் 32-ஐத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மாற்றுவதென்றால் முழுக்க நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும்.

டேலி

சேலத்தில் ‘ஆபீஸ் சாஃப்ட்வேர்’ என்றால் பாதிப் பேருக்குக் கணக்கு எழுதும் டேலிதான். இதன் முறை மைக்ரோசாஃப்டுக்கு நேர் எதிர். இங்கே பழைய சிஸ்டத்தில் லைசென்ஸைச் சரண்டர் செய்தால் அது சர்வருக்குப் போய்ச் சேரும், பிறகுதான் புதியதில் ரீஆக்டிவேட் செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

டேலி பிரைமில் எஃப்1 அழுத்தி செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போனால் சரண்டர் இருக்கும். நிர்வாகியின் டேலி நெட் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும். முடிந்ததும் பழைய டேலி எஜுகேஷன் மோடுக்குப் போய்விடும். மாதத்தில் 1, 2, 31 என்று ஒருசில தேதிகளில் மட்டும் வவுச்சர் போட விடும் நிலை அது. அங்கே கணக்கைப் பார்க்கலாம், அதனால் பதற்றம் வேண்டாம். புதியதில் ரீஆக்டிவேட் கொடுத்து அதே ஐடியைப் போட்டால் அன்லாக் கீ மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சல் யாருடையது? மறுபடி அதே கேள்வி. பல கடைகளில் அது ஆடிட்டர் ஆபீஸில் அப்போது வேலை பார்த்த பையனுடையது.

சரண்டர் செய்யப் பழைய சிஸ்டத்தில் இன்டர்நெட் வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும் சிஸ்டங்கள் நிறைய உண்டு. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் கிடைக்காது, சர்வரைத் தொட முடியவில்லை என்று மட்டும் சொல்லும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். சிஸ்டம் அடியோடு போய்விட்டது, சரண்டர் செய்ய வழியே இல்லை என்றால் ஒன்பது இலக்க சீரியல் எண், பில், பதிவான மின்னஞ்சல் மூன்றையும் வைத்துக்கொண்டு டேலி பார்ட்னரையோ உதவி மையத்தையோதான் அணுக வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. டேலியின் வருஷச் சேவைச் சந்தாவான டிஎஸ்எஸ் முடிந்துபோயிருந்தால், முடிந்த பிறகு வெளியான ரிலீஸ்களில் உங்கள் லைசென்ஸ் செல்லாது. புது சிஸ்டத்துக்குப் புத்தம்புதுசாக டவுன்லோட் செய்து போட்டுவிட்டு, லைசென்ஸ் வேலை செய்யவில்லை என்று தவிப்பதற்கு இதுதான் காரணம். பழையதில் என்ன ரிலீஸ் எண் என்று குறித்துக்கொண்டு அதே இன்ஸ்டாலரைத் தேடிப் போடுங்கள், அல்லது சந்தாவைப் புதுப்பியுங்கள். டேட்டாவுக்கும் இது பொருந்தும். 3.0-வுக்கு முந்தைய கம்பெனியைப் புதிய ரிலீஸில் திறந்தால் மைக்ரேட் செய்யக் கேட்கும். செய்த பின் பழைய ரிலீஸில் அதைத் திறக்க முடியாது. ஆகவே மைக்ரேட் செய்வதற்கு முன்பு ஒரு காப்பி, டேலியின் பேக்கப்பாக இல்லாமல் டேட்டா ஃபோல்டராகவே, தனி டிஸ்க்கில் இருக்கட்டும். டேட்டா ஃபோல்டர் எங்கே என்பதைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையிலேயே பார்க்கலாம். உள்ளே 10000, 10001 என்று எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். கம்பெனிக்கு ஒன்று. கம்பெனி டேட்டாவையே பூட்டும் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் கேட்டு வையுங்கள், மறந்துபோனால் திறக்க வழியில்லை.

பில்லில் லோகோ, வாகன எண் கட்டம் என்று டேலிக்குள் கூடுதலாகச் சேர்க்கும் டிடிஎல் நிரல் எழுதி வாங்கியிருந்தால் அந்த ஃபைல்களும் வர வேண்டும். கோல்டு லைசென்ஸ் வைத்து நாலைந்து சிஸ்டத்தில் ஓட்டுகிறவர்கள், புது சர்வர் சிஸ்டத்துக்குப் பழைய சர்வரின் பெயரையும் ஐபி முகவரியையும் அப்படியே வைத்துவிட்டால் மற்ற சிஸ்டங்களில் கை வைக்காமல் தப்பிக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் லைசென்ஸ் சர்வர் பெயரை மாற்ற வேண்டும். புது சிஸ்டத்தின் ஃபயர்வாலில் 9999 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு லைசென்ஸைத் திட்டுவது சகஜம்.

கடைசியாக, டேட்டா ஃபோல்டரை டாக்குமெண்ட்ஸிலோ டெஸ்க்டாப்பிலோ வைக்காதீர்கள். விண்டோஸ் 11 அவை இரண்டையும் கேட்காமலே ஒன்டிரைவுக்குள் இழுத்துக்கொள்ளும். டேலி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்டிரைவ் அந்த ஃபைலை மேலே அனுப்பப் பார்க்கும், இரண்டும் மோதி டேட்டா கெடும். இலவச 5 ஜிபி நிரம்பினால் அது வேறு ரோதனை.

தமிழ் எழுத்தும், தராசும்

லைசென்ஸ் எல்லாம் சரியாகி, பழைய கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு வரவில்லை. பத்திரம் எழுதுகிற இடங்களிலும் அச்சகங்களிலும் வானவில், பாமினி ஃபைல்கள் மலைபோல் கிடக்கின்றன. தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தும், அதற்கு முந்தைய கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களை எடுத்து வந்து, வலது கிளிக்கில் ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு பயனருக்கு மட்டும் ஏறும், சில பழைய சாஃப்ட்வேர்களுக்குக் கண்ணில் படாது. யூனிகோடில் லதா எழுத்துருவில் அடித்தவர்களுக்கும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விண்டோஸ் 10-லிருந்து லதா கூடவே வருவதில்லை, நிர்மலா போட்டுக் காட்டும், ஒரு பக்கத்தில் அடங்கின கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தால் லதா திரும்பி வரும்.

அவுட்லுக்கில் பிஓபி முறையில் மெயில் எடுத்தவர்களுக்கு எல்லாக் கடிதமும் அந்தச் சிஸ்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. டாக்குமெண்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் பிஎஸ்டி ஃபைல். அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். புதியதில் கிளாசிக் அவுட்லுக்கையே திறங்கள், விண்டோஸ் 11-ன் புது அவுட்லுக்கில் பிஎஸ்டி முழுதாக வேலை செய்யாது. கையெழுத்து வரிகள், வேர்டின் நார்மல் டெம்ப்ளேட், எக்செலின் பெர்சனல் மேக்ரோ ஃபைல் மூன்றும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்ற வழியில் இருக்கின்றன. டாக்குமெண்ட்ஸை மட்டும் காப்பி எடுத்தால் இவை வராது.

வெள்ளிக் கடைகளில் தராசு நேரே பில்லிங் சாஃப்ட்வேரோடு பேசும். பழைய சிஸ்டத்தின் பின்னால் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருந்தது, புதியதில் இருக்காது. யுஎஸ்பி கன்வர்ட்டர் ஏற்கெனவே கையில் இருந்தாலும், அதற்குள் பழைய பிஎல்2303 சிப் இருந்தால் விண்டோஸ் 11-ல் ஓடாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு, 2012 முதல் நிறுத்தப்பட்ட சரக்கு, விற்றவரைக் கேள் என்று அதன் பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே எழுதியிருக்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டர் வாங்குங்கள். பிறகு பழையதில் காம்1 என்று இருந்த போர்ட் இங்கே காம்3 அல்லது காம்5 ஆக வரும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்பில் அதைக் காம்1 ஆக மாற்றினால் பில்லிங் சாஃப்ட்வேரைத் தொட வேண்டியதில்லை. பில்லிங் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் உள்ளூர்க்காரர் எழுதியது என்றால் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் எண்ணிலோ நெட்வொர்க் கார்டின் எண்ணிலோ பூட்டியிருப்பார். எழுதினவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்பதைப் புது சிஸ்டம் வாங்குவதற்கு முன்பே ஒரு போன் போட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. யுஎஸ்பியில் செருகும் லைசென்ஸ் சாவியான டாங்கிள் என்றால் சுலபம், பிடுங்கிச் செருகலாம், ஆனால் டிரைவர் வேண்டும்.

ஏற்காட்டுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு

எஸ்டேட் ஆபீஸ், தங்கும் விடுதி வரவேற்பறை மாதிரி இடங்களில் ஆக்டிவேஷன் பிரச்சினையே இல்லை, அதற்கு ஆகும் டேட்டா கொஞ்சம்தான், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று முடித்துவிடலாம். ஆபீஸை டவுன்லோட் செய்வதுதான் பாடு. சேலத்திலேயே கணக்குப் பக்கத்தில் அதர் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றை ஐஎம்ஜி ஃபைல். பென்டிரைவ் ஃபேட்32-ல் இருந்தால் 16 ஜிபி காலியாக இருந்தாலும் ஃபைல் மிகப் பெரியது என்று சொல்லும், ஏனென்றால் அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துவிட்டுக் காப்பி எடுங்கள். இருபது கொண்டை ஊசி ஏறிப்போன பிறகு இது தெரிய வருவது நல்லதல்ல. மேலே போனதும் ஐஎம்ஜியை இரண்டு தட்டு தட்டினால் டிவிடி மாதிரி திறக்கும், உள்ளே செட்அப். ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்ஷனாகக் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் அன்றைய டேட்டாவை முழுக்கக் குடித்துவிடும்.

நெட் எப்போதாவதுதான் வரும் இடத்துக்கு 365 சந்தா வாங்குவதை யோசித்துச் செய்யுங்கள். அது 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் ஃபைலைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. ஒருமுறை வாங்கும் பதிப்புதான் மலைக்கு லாயக்கு.

பழையது

அடுத்த 3பி தாக்கல் முடிகிற வரை பழைய சிஸ்டம் மேஜைக்கு அடியிலேயே இருக்கட்டும். ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவராக இருக்கலாம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டாக இருக்கலாம். பிறகு கொடுப்பதென்றால் விண்டோஸின் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதையும், அதற்குள் டிரைவைச் சுத்தம் செய் என்ற அமைப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். வெறும் குவிக் ஃபார்மேட்டில் போனதைத் திரும்ப எடுக்கும் இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. பழையது ஓடாத சிஸ்டம் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டதும் டிஸ்க் தானாக என்க்ரிப்ட் ஆகியிருக்கும் என்பதால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கணக்குப் பக்கத்திலிருந்து பிரிண்ட் எடுத்து, ஆபீஸ் அட்டை, டேலி சீரியல் எண், இரண்டு மின்னஞ்சல் பெயர்கள் எழுதிய தாளோடு ஒரே கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.